இந்த மனை முன்பு ஏரியாக இருந்ததா? பழைய நிலத்தைக் காட்டும் இணைய வரைபடங்கள்

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகம்தான்: இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே தண்ணீர் நின்றதா? இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே தேடிப் பார்க்கலாம். ஆனால் 'தேதி' என்று ஒவ்வொரு வரைபடமும் சொல்வது வேறு வேறு.

கூகுள் எர்த் டைம்லாப்ஸ் பார்க்க அழகு. 1984-லிருந்து ஆண்டுக்கு ஒரு படமாக ஓடும். சதுப்பு நிலத்தைக் கட்டடங்கள் நெருக்குவது கண்முன்னே நடக்கும். ஆனால் அதிலுள்ள பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் நாலு கிரவுண்டு! ஒரு கிரவுண்டு மனை அதில் கால் புள்ளிதான். இன்னொரு சிக்கல், பல நாள் படங்களை மேகம் நீக்கிக் கலந்துதான் அந்த ஆண்டுப் படத்தையே செய்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை அதில் தேடினால், சில நாள் நின்ற தண்ணீர் கலவையில் கரைந்து போயிருக்கும்.

மனை அளவுக்கு இறங்கிப் பார்க்க அதே கூகுள் எர்த்தின் பழைய படங்கள்தான் சரி. 2009-லிருந்தே கணினிப் பதிப்பில் உண்டு. 2024-ல் இணையப் பதிப்புக்கும் மொபைலுக்கும் வந்தது. வீட்டுக் கூரை வரை தெரியும். குறை என்னவென்றால், படம் எடுத்த நாட்கள் சீராக இல்லை. ஒரு வருஷம் நாலு படம் இருக்கும், அடுத்த வருஷம் ஒன்றும் இருக்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிசம்பரில் நிரம்பிக் கிடந்த ஏரியையும் மே மாதத்தில் காய்ந்த ஏரியையும் பக்கத்தில் வைத்து 'ஏரியைக் காணோம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒப்பிட்டால் ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிட வேண்டும்.

எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் வேபேக் இணையதளத்தில் 2014 முதலான படங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருக்கும் தேதி படத்தை வெளியிட்ட தேதி, எடுத்த தேதி அல்ல. வரைபடத்தின் மேல் கிளிக் செய்தால்தான் எடுத்த நாள் தெரியும். இதைக் கவனிக்காமல் வழக்குக்கு ஆதாரம் தேடுகிறவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்த வேலைக்கு ஆகாது. அதன் வரலாற்றுப் பக்கம் யார் எப்போது வரைந்தார் என்பதைச் சொல்லும். ஏரி எப்போது இருந்தது என்பதை அல்ல. இல்லாமல் போனதை அழித்துவிடுவதுதான் அங்கே வழக்கம். தொடங்கிய நாள், முடிந்த நாள் இரண்டையும் குறித்து, அழிந்தவற்றையும் வைத்துக்கொள்வது ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப். 1964 புயலில் போன தனுஷ்கோடி ரயில் பாதை போன்றவற்றுக்கு அதுதான் இடம். யாராவது பழைய காகித வரைபடத்தைப் பார்த்து வரைந்தால் உண்டு. அதற்கு லேண்ட்சாட் படம் உதவாது; அது முதன்முதலாகப் பறந்ததே 1972-ல்தானே.

மழைக்கால நிலவரம் மட்டும் போதும் என்றால் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 இருக்கிறது. 2015-லிருந்து 10 மீட்டர் புள்ளி; செயற்கைக்கோள் இரண்டானபின் ஐந்து நாளுக்கு ஒருமுறை. வடகிழக்குப் பருவமழையில் பாதிப் படம் மேகம். அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் உள்ள சென்டினல்-1 படத்துக்குத்தான் போக வேண்டும். கருப்பு வெள்ளையில் அதைப் படிக்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

நானாக இருந்தால் கூகுள் எர்த்தில் நவம்பர், டிசம்பர், ஜனவரிப் படங்களை மட்டும் பொறுக்கிப் பார்ப்பேன். அப்புறம் வருவாய்த் துறையின் நிலக் கணக்கான கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணைத் தேடுவேன். அதில் ஏரி என்று எழுதியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன், படம் எவ்வளவு காய்ந்திருந்தாலும்.