கம்ப்ரஷன் கேஜைக் காட்டி என்ஜினை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

போன மாதம் என் பெட்ரோல் கார் ஐட்லிங்கில் குலுங்க ஆரம்பித்தது. நான்கு சிலிண்டரில் ஒன்று மிஸ்ஸாவது காதுக்கே தெரிந்தது. பிளக், காயில் இரண்டையும் மாற்றியும் சரியாகவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மறுநாள் காலை என் கண் முன்னாலேயே கம்ப்ரஷன் டெஸ்ட் (பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பிளக் துளையில் கேஜ் வைத்து அளப்பது) எடுத்தார்கள். கண் முன்னால் எடுத்ததால்தான் ஏமாந்தேன்.

நான்கு சிலிண்டருக்கும் கேஜ் காட்டியது 105, 110, 105, 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). "நல்ல என்ஜின்னா 170 நிக்கணும் சார். நாலுமே போச்சு, நாலாவது சுத்தமா போச்சு" என்றார் மெக்கானிக். அப்புறம் ஆயில் கேனை நாலாவது பிளக் துளையில் கவிழ்த்தார். மறுபடி செல்ஃப் அடித்ததும் முள் 115க்கு ஏறியது. "பாத்தீங்களா, ரிங் காலி. என்ஜினை இறக்கி போர் பண்ணணும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்; போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தார். சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. இரண்டு சர்வீசுக்கு நடுவில் இந்த வண்டிக்கு ஒரு சொட்டு ஆயில்கூட நான் ஊற்றியதில்லை. ரிங் தேய்ந்த வண்டி ஆயில் குடிக்காமல் இருக்குமா? விடிந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி, வண்டியை ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்ஜின் சூடா இருந்துச்சா? நாலு பிளக்கையும் கழட்டினாங்களா? ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சாங்களா?" என்றார். மூன்றுமே இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மாட்டினார்கள். செல்ஃபும் முனகிக்கொண்டுதான் சுற்றியது. ஆக்ஸிலேட்டர் பக்கம் யாரும் போகவே இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் த்ராட்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் வழியின் மூடி) மூடியிருந்தால் போதுமான காற்று உள்ளே போகாது. போகாத காற்றை பிஸ்டன் எப்படி அழுத்தும்?

அவர் என்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்‌ஷனையும் எடுத்துவிட்டு, பேட்டரியை சார்ஜில் போட்டு, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிஸ்டன் ஆறு தடவை அழுத்துவதை எண்ணி எடுத்தார். 168, 172, 170, 112. மூன்று சிலிண்டர் தங்கம். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமானதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டுமாம். 172க்கு அது 129. ஆக, நாலாவதில் கோளாறு உண்மைதான். அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் மட்டும் விட்டார். 116. ரிங்காக இருந்தால் ஆயில் அந்தக் கசிவை அடைத்து, அளவு நன்றாகவே ஏறியிருக்கும். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் மேல் மூடிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு). கேஸ்கெட் என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கும். இங்கே மூன்றாவது 170இல் நிற்கிறது. ரேடியேட்டர் தண்ணீரும் சுத்தமாக இருந்தது. ஆக, சந்தேகம் வால்வு மேல்தான்.

அப்படியானால் முதல் ஆள் ஊற்றியபோது எப்படி ஏறியது? கேன் கேனாக ஊற்றினால் ஆயிலே இடத்தை அடைத்துக்கொள்ளும், எந்த சிலிண்டரானாலும் முள் ஏறும் என்றார். நீலப் புகையும் அந்த ஆயில் எரிந்ததுதான். (இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.)

என்ஜின் ஆறியதும், வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளியைப் பார்க்க டேப்பட் கவரைத் திறந்தார். நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இருக்கிறதிலேயே மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) கூட நுழையவில்லை. இடைவெளியே இல்லாததால் வால்வு முழுசாக மூடாமல் நின்றிருக்கிறது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்குமாம். டேப்பட் செட் செய்து மறுபடி எடுத்தால் 160. குலுங்கல் போய்விட்டது. அரை நாள் வேலை, என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அட்வான்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை. போன் செய்தால், "பார்ட்ஸ் ஆர்டர் போட்டாச்சே சார்" என்கிறார். என்ன பார்ட்ஸ் என்று கேட்டால் லைன் கட்டாகிவிடுகிறது.