'கழுவிய கோகோபீட்' என்று உப்புக் கட்டியை விற்கிறார்கள்: வடசென்னை மாடித்தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

இந்தக் கோடைக்குத் தர்பூசணி போடலாம் என்று விதை, தட்டு தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் செடி, தொட்டி, உரம் விற்கும் ஒரு கடையில் கழுவாத கோகோபீட்டை, அதாவது செடி வளர்க்கப் போடும் தென்னைநார்த் தூள் கட்டியை, உப்புப் போகக் கழுவியது என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். நாற்று வாடியதும் அதையே சாக்காக வைத்துப் பாட்டில் பாட்டிலாக மருந்து விற்றார்கள். மொத்தமாகப் போனது இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். ஆனால் அவர்கள் பழியைத் தூக்கிப் போட்டது எங்கள் ஏரியா தண்ணீர் மேல். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். தை மாதத்தில் நாற்று கையில் இருந்தால்தான் வெயில் ஏறும்போது கொடி ஓடும். தர்பூசணி விதை ஒழுங்காக முளைக்க மண் 25 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மார்கழி ராத்திரியில் சென்னையிலேயே 20 டிகிரி பக்கம் இறங்கிவிடுகிறது. மாடியில் எலித் தொல்லை வேறு. அதனால் சமையலறை ஜன்னலோரம் தட்டு வைத்து நாற்று விட்டேன். ரகம் சுகர் பேபி. காய் சின்னது, செடி வளர்க்கும் பையான க்ரோ பேக்குக்குத் தோதானது.

குழித்தட்டு, விதை, ஐந்து கிலோ கோகோபீட் கட்டி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். வாங்கும்போதே "கழுவினதா?" என்று கேட்டேன். "நல்லா கழுவி வர்றதுதான்க்கா. தண்ணி ஊத்தி ஊற வெச்சு அப்படியே போடுங்க. கவர்லயே போட்டிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். உறையிலும் 'வாஷ்டு, லோ ஈசி' என்றுதான் அச்சடித்திருந்தது. உப்பு குறைவு என்று அதற்கு அர்த்தம்.

முளைப்பில் குறை சொல்ல முடியாது. விதையிலிருந்தே வரும் வித்திலை இரண்டும் பளிச்சென்று விரிந்தன. அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. வித்திலையின் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு வந்தது. அது உள்ளே பரவப் பரவ, காய்ந்த இடம் தொட்டால் நொறுங்கியது. நடுவில் வந்த முதல் இலை சுண்டுவிரல் நகம் அளவோடு நின்றுவிட்டது, ஓரமும் சுருண்டுகொண்டது. தட்டில் கை வைத்தால் ஈரம் இருக்கிறது, மதியத்தில் நாற்று மட்டும் தலையைத் தொங்கப் போடுகிறது. ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வெள்ளை வேரே இல்லை. நுனி பழுப்பாகி, பக்க வேர் விடாமல் மொட்டையாக இருந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "வேர் பிடிக்கலக்கா" என்று 280 ரூபாய்க்கு ஒரு வேர் டானிக் கொடுத்தார். ஊற்றிய பிறகு கருகல் இன்னும் வேகமானது. அடுத்து "இது நாற்றழுகல், பங்கஸ்" என்று 190 ரூபாய்க்கு ஒரு மருந்து. அதுவும் கேட்கவில்லை என்றதும் "வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தல" என்று 750 ரூபாய்க்கு ஊதா நிற விளக்கு. கடைசியில் போனபோது எங்கே குடியிருக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். "தண்டையார்பேட்டையா? அதான்க்கா. உங்க ஏரியா தண்ணி பூரா உப்பு. கேன் தண்ணி ஊத்திப் பாருங்க."

இந்தப் பொய் ஏன் எடுபடும் என்றால், அதில் பாதி உண்மை இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து கடலோரமாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் தண்ணீர் உள்ளே ஏறிப் பல வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்துப் பல போர்வெல்களில் வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதனால் செடி வாடினாலும் துணி வெளுத்தாலும் 'ஏரியா தண்ணி' என்று சொன்னால் நாங்களே தலையாட்டிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். நான் ஊற்றியது மெட்ரோ தண்ணீர். அதை அவரிடம் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வரும் தம்பியிடம், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. பேனா மாதிரி இருக்குமே, அதுதான். முதலில் குழாய்த் தண்ணீரில் வைத்தார்: 410. அதே தண்ணீரைத் தட்டின் மேல் ஊற்றி, கீழே வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்து வைத்தார். எண் ஓடி ஓடி 2,600-ஐத் தாண்டி நின்றது. அவரே ஒரு தடவை மீட்டரைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தார். டானிக் பாட்டிலில் சொன்ன அளவு கலந்த தண்ணீரில் 1,400. உப்பில் தவித்த நாற்றுக்கு மேலும் உப்பை ஊற்ற வைத்திருக்கிறார்கள்.

தென்னைநார்க் கழிவில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கும். உப்புத் தண்ணீரில் மட்டையை ஊறப்போட்டிருந்தால் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால்தான் போகும். அதற்குத் தண்ணீரும் ஆளும் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு 'கழுவியது' என்று மட்டும் அச்சடிக்கிறார்கள். உப்பு ஏறிய கோகோபீட் ஈரமாகவே இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

அவர் சொன்ன நாற்றழுகல் இப்படி இருக்காது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்து மெலிந்து, ராத்திரியோடு ராத்திரியாக நாற்று சாய்ந்துவிடும். என் நாற்று எல்லாம் நிமிர்ந்து நின்றபடியே கருகின. வெளிச்சம் போதாவிட்டால் தண்டு வெளிறி நூலாக நீளும், இலை ஓரம் தீயாது. தினமும் செடி விற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மீதி விதையைக் காகிதக் கப்பில் செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து போட்டேன். அதே ஜன்னல், அதே மெட்ரோ தண்ணீர். தளதளவென்று வந்திருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னபோது "கம்பெனியில கேளுங்கக்கா" என்று முடித்துவிட்டார். எந்தக் கம்பெனி? உறையில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. டானிக் பாட்டிலிலும் அதே கதை. பாக்கெட் செய்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது பாக்கெட் செய்தவர் பெயர், முகவரி, எடை, விலை இருக்க வேண்டும் என்பது சட்டம். விதையும் வெறும் ஜிப் கவரில்தான் வந்தது. விதைப் பாக்கெட்டில் ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ஊற வைத்து, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஊற வையுங்கள். பிழிந்த தண்ணீரில் மீட்டர் காட்டும் எண் குழாய்த் தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை விடக் கூடாது. அப்புறம் கால்சியம் நைட்ரேட் உரம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு மறுபடி அலசுங்கள். நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது, கால்சியம் வந்தால்தான் இடம் விடும். மீட்டர், எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தட்டில் நாற்று ஏற்கெனவே வாடிக்கொண்டிருந்தால் பிடுங்கி மாற்றாதீர்கள். தர்பூசணிக்கு வேரைக் கலைத்தால் ஆகாது. உரம், டானிக் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் நன்றாக வடிய விடுங்கள். வடியும் தண்ணீரில் மீட்டர் எண் குறையும்வரை திரும்பச் செய்யுங்கள். கருகிய இலை பச்சையாகாது. புது இலை சுத்தமாக வந்தால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். என் தட்டில் சிலது அப்படித் தேறியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. கடையில் பில் தரவில்லை, போனில் பணம் அனுப்பிய ரசீதுதான் கையில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கட்டியின் உறை, பாட்டில், ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மீட்டர் எண் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.