தண்டனையா, மன்னிப்பா: பெயர் கெட்ட விமானிக்கு எது பொருந்தும்?

காரைக்குடியில் அறிவியல் புனைகதை எழுதும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் விமானி டாம் பாரிஸுக்கு இரண்டுமே நடந்தன. அவரை வைத்தே பார்க்கலாம்.

எதற்கு?
மன்னிப்பு: விபத்தில் மூவர் இறந்தார்கள். அதை மறைத்துப் பொய் சொன்னார், பிறகு தானே ஒப்புக்கொண்டார். பின்னர் ஒரு கிளர்ச்சிக் குழுவில் சேர்ந்து பிடிபட்டுச் சிறையிலிருந்த அவரைக் கேப்டன் ஜேன்வே தன் விண்கப்பலுக்கு அழைக்கிறார்.
தண்டனை: கட்டளையை மீறி ஒரு கடல் உலகத்தைக் காக்கப் போனார். 30 நாள் தனிச்சிறை, பதவி இறக்கம்.

எழுத எளிது எது?
தண்டனை: ஒரே காட்சி போதும். ஆனால் சிறைக்குள் அவர் அப்பாவுக்குச் சொல்லும் கடிதம்தான் அதற்கு உயிர். நம்மூர்க் கதையில் அது அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) போகும் கடிதம். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) எல்லார் முன்னும் வாசிக்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள்!
மன்னிப்பு: கஷ்டம். கேப்டன் மன்னித்தாலும், சாப்பாட்டு மேசையில் அவரைப் பார்த்ததும் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள்.

நிலைப்பது?
2000-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் பதவி திரும்பிவிட்டது. நம்பிக்கையோ தினமும் சம்பாதிக்க வேண்டியது.

சிறுகதைக்குத் தண்டனை, நாவலுக்கு மன்னிப்பு. இறந்தவர்களின் குடும்பம் கதையில் வந்தால் மட்டும், அவர்களைக் கேட்காமல் யாரையும் மன்னிக்க வைக்காதீர்கள்.