கேம்பஸ்ல நடக்கிற லெக்சரா, கச்சேரியா, கண்காட்சியா: வேலூர் பக்கம் குடும்பத்தோட எதுக்குப் போகலாம்?

ரெண்டு வருஷமா எங்க வீட்ல ஒரு பழக்கம் ஆயிடுச்சு. மாசத்துல ஒரு சனிக்கிழமை, வேலூர் சுத்தி இருக்கிற யுனிவர்சிட்டி, காலேஜ்ல பொதுமக்களும் வரலாம்னு ஏதாவது நடந்தா ஆற்காட்ல இருந்து பஸ் ஏறிடுவோம். நான், எங்கம்மா, ஒம்பதாவது படிக்கிற என் பொண்ணு. நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில இருபது வருஷமா, தோல பதனிடற பெரிய உருளைங்க ஓடற ட்ரம் செக்‌ஷன்ல இருக்கேன், சனிக்கிழமை மதியத்தோட ஷிஃப்ட் முடிஞ்சிடும், அதனால சாயங்காலம் நமக்குத்தான். என் மச்சான் போன வாரம் போன் பண்ணி "மாமா, பசங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போகலாம், லெக்சரா கச்சேரியா கண்காட்சியா"ன்னு கேட்டான், அவனுக்குச் சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், என் ஓட்டு கண்காட்சிக்குத்தான். ஏன்னு கீழ வரும்.

வேலூர்ல இதுக்கெல்லாம் பஞ்சமே இல்ல. ராதாகிருஷ்ணன் படிச்ச ஊரிசு காலேஜ் இருக்கு, பாகாயத்துல சி.எம்.சி மெடிக்கல் காலேஜ், காட்பாடில 1954ல இருந்து ஆக்சீலியம், 1984ல என்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்சு 2001ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன வி.ஐ.டி, சேர்க்காட்டுல 2002ல வந்த திருவள்ளுவர் யுனிவர்சிட்டி. நான் கீழ சொல்ற அனுபவத்துக்கு எந்த கேம்பஸ்னு பேர் போடல, ஒரே கேம்பஸ்ல ஒரு நாள் அருமையாவும் ஒரு நாள் சலிப்பாவும் இருந்திருக்கு, பேர் போட்டா அது நியாயமா இருக்காது.

செலவு, பார்க்கிங், ஏசி இதெல்லாம் பெருசா பேச ஒன்னும் இல்ல. நாங்க போனது எல்லாமே இலவசம்தான், கேட்ல ஆதார் காட்டி நோட்ல பேர் எழுதணும், அவ்ளோதான். பஸ்ல போறவங்க கிரீன் சர்க்கிள் ட்ராஃபிக்குக்கும் பாலாத்து பாலத்துக்கும் சேத்து அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பிடுங்க. சரி, விஷயத்துக்கு வரேன்.

லெக்சர்ல இருந்து ஆரம்பிக்கலாம். நல்ல ஆளு பேசினா அதுக்கு ஈடே இல்ல, அத நான் மறுக்கவே மாட்டேன். போன நவம்பர்ல ஒரு வானியல் லெக்சர் கேட்டோம். நம்ம ஜவ்வாது மலைல இருக்கற காவலூர் வானாய்வகம் பத்தித்தான் பாதி நேரம் பேசினாரு. 1977 மார்ச் 10ந்தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்க போச்சாம், அமெரிக்காக்காரங்க ஏரோப்ளேன்ல டெலஸ்கோப் வெச்சுப் பாத்தாங்க, அதே ராத்திரி காவலூர்ல இருந்தும் 1 மீட்டர் டெலஸ்கோப்ல பாத்தாங்க. கிரகம் மறைக்கிறதுக்கு முன்னாடியே நட்சத்திர வெளிச்சம் லேசா மங்கி மங்கி வந்துச்சு, யுரேனஸுக்கும் வளையம் இருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சுது. 1986ல அங்க 2.3 மீட்டர் டெலஸ்கோப் வந்தப்போ அதுக்கு, அந்த ஆய்வகத்த உருவாக்கின வானியலாளர் வைணு பாப்பு பேர் வெச்சாங்கன்னும் சொன்னாரு. அம்மா கூட கண்ணு கொட்டாம கேட்டாங்க, நம்ம மலையில இருந்து இவ்ளோ தூரம் பாத்திருக்காங்களான்னு.

என் பொண்ணு பக்கத்துல உக்காந்து நோட்ல எழுதிட்டே இருந்தா. முடியற நேரத்துல என் காதுல வந்து "அப்பா, நடுவுல வந்து மறைச்சது வளையம்தான்னு எப்படிச் சொல்றாங்க, அது நிலாவா கூட இருக்கலாம்ல"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, அவ்ளோ நல்ல கேள்வி. கைய தூக்குன்னு சொன்னேன், தூக்கினா. கேள்வி நேரம் பத்து நிமிஷம்னு அறிவிச்சாங்க, மைக் முன் வரிசைல ரெண்டு பேர்கிட்ட போச்சு, ஒருத்தர் கேள்வியே கேக்காம அவர் கருத்த அஞ்சு நிமிஷம் பேசினாரு, அதுக்குள்ள பொன்னாடை வந்துடுச்சு. அவ கை தூக்கினபடியே எவ்ளோ நேரம் இருந்தான்னு எனக்குத்தான் தெரியும். பஸ்ல வரும்போது ரத்தினகிரி தாண்டற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேசினவர் மேல தப்பே இல்ல, அவரு அருமையாத்தான் பேசினாரு. முந்நூறு பேர் உக்காந்த ஹால்ல கேள்விக்கு பத்து நிமிஷம்னா இப்படித்தான் ஆகும்.

கச்சேரி எங்கம்மாவுக்கு உயிரு. அவங்களக் கேட்டா மத்த ரெண்டும் வேணாம், கச்சேரி மட்டும் போதும்னு சொல்வாங்க. வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா நானும் அதத்தான் சொல்வேன், ஒரே எடத்துல உக்காரலாம், நடக்க வேணாம், புரியலன்னாலும் பரவால்ல. பாட்டு முடிஞ்சு ஒரு வாரத்துக்கு அம்மா வாய் முணுமுணுத்துட்டே இருக்கும். சர்ச் கொயர், ஃப்யூஷன் இதெல்லாம் தலைக்கு ஒரு தடவதான் போயிருக்கேன், கொயர் பிடிச்சுது, ஆனா ஒரு தடவ போனத வெச்சு தீர்ப்பு சொல்ல எனக்கு மனசு வரல. பசங்களோட ஃபெஸ்ட் கூட்டத்துக்கு வயசானவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, அத மட்டும் உறுதியா சொல்லலாம்.

எனக்குக் கச்சேரில ஒரே ஒரு குறை. ஒரு தடவ மூணாவது வரிசைல எடம் கெடச்சுது. மிருதங்கக்காரர் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாத்தியத்த மடியில வெச்சுட்டு, சின்னக் கல்லால வலந்தலை, அதாவது வலது பக்கத்து ஓரத்த சுத்திச் சுத்தித் தட்டினாரு, ஒரு தட்டு, காது வெச்சுக் கேக்கறாரு, இன்னொரு தட்டு. அப்புறம் ரவைய பெசஞ்சு தொப்பின்னு சொல்ற இடது பக்கம் நடுவுல அப்பினாரு. தோல் வேலை பாக்கிறவனுக்கு அதப் பாத்தா சும்மா இருக்க முடியுமா? மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், இழுத்துக் கட்ட எருமைத் தோல் வார், எல்லாமே பதனிடாத பச்சைத் தோலக் காய வெச்சது. நாங்க கம்பெனில தோலு அழுகாம இருக்கணும்னு குரோம்ங்கற ரசாயன உப்ப ஏத்தறோம், இவரு பச்சைத் தோல வெச்சுக்கிட்டு வெயிலு மழை எல்லாத்துலயும் சுருதி நிக்க வெக்கறாரு. மழைக்காலத்துல ஈரம் ஏறினா என்ன பண்ணுவாரு, ஒரு தோலு எத்தன மாசம் தாங்கும், எந்த ஊர் ஆட்டுத் தோலு நல்லதுன்னு மனசுக்குள்ள கேள்வி வரிசை கட்டி நிக்குது. முடிஞ்சதும் மேடை ஓரம் போனேன், செல்ஃபி எடுக்கற கூட்டம், அவருக்கு ட்ரெயின புடிக்கணும், உறையில வாத்தியத்தப் போட்டுக் கெளம்பிட்டாரு. அவரையும் குறை சொல்ல முடியாது.

இப்ப கண்காட்சி. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், 1928ல அன்னிக்குத்தான் ராமன் விளைவ அறிவிச்சாங்க, அதனால அந்தத் தேதிய ஒட்டி நெறய காலேஜ்ல டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா தொறந்து விடுவாங்க. இந்த வருஷம் காட்பாடி பக்கம் ஒன்னுக்குப் போனோம். பெருசா ஒன்னும் இல்ல, வராண்டால பெஞ்சு போட்டு, தெர்மாகோல் மாடல், சார்ட் பேப்பர், ஒவ்வொரு பெஞ்சுக்குப் பின்னாடியும் ரெண்டு ஸ்டூடண்ட். லெக்சர் ஹால் பளபளப்பு எதுவும் இருக்காது, ஃபேன் கூட பாதி எடத்துல இல்ல, அம்மா கால் வலிக்குதுன்னு வேப்ப மரத்தடில உக்காந்துட்டாங்க. அது உண்மையான கஷ்டம், வயசானவங்களுக்கு இது சரிப்படாது.

ஃபிசிக்ஸ் பெஞ்சுல ஒரு தம்பி லேசர் லைட்ட பாட்டில் தண்ணிக்குள்ள விட்டுக் காமிச்சிட்டிருந்தான். என் பொண்ணு அத ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அண்ணா, இது சம்பந்தமே இல்லாத கேள்வி, கேக்கலாமா"ன்னு நவம்பர்ல இருந்து வெச்சிருந்த அந்த நிலா கேள்விய கேட்டா. அவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். பக்கத்துப் பெஞ்சு சூரியக் குடும்ப மாடல்ல இருந்து ஒரு தெர்மாகோல் உருண்டைய எடுத்தான், "பாப்பா, உன் வளையல ஒன்னு குடு"ன்னான். கண்ணாடி வளையல்தான். உருண்டைய நடுவுல வெச்சு, வளையல் அதச் சுத்தி வர மாதிரி ரெண்டையும் ரெண்டு விரல்ல புடிச்சிட்டு, எதிர்ல செல்ஃபோன் டார்ச்ச எரிய விட்டு அதுக்குக் குறுக்க மெதுவா நகத்தினான். "வெளிச்சத்தப் பாரு, எண்ணிட்டே வா." வளையல் ஓரம் மறைச்சுது, ஒன்னு. அப்புறம் உருண்டை, முழு இருட்டு. அப்புறம் அந்தப் பக்கத்து ஓரம், ரெண்டு. "நிலான்னா ஒரு பக்கம்தான் மறைக்கும். இங்க கிரகத்துக்கு முன்னாடி எத்தன தடவ மங்குச்சோ, தாண்டின பிறகும் அத்தன தடவ மங்குச்சு, தூரமும் ரெண்டு பக்கம் கிட்டத்தட்ட ஒன்னுதான். இத்தன நிலா ஜோடி ஜோடியா வந்து நிக்குமா?" அவ மூஞ்சில வந்த வெளிச்சத்த நான் எப்படி எழுதறது. அதோட விடல, வளையல சாய்ச்சுப் புடிச்சா, செங்குத்தாப் புடிச்சா என்ன ஆகும்னு அவளே வாங்கி நகத்திப் பாத்தா, இருபது நிமிஷம், யாரும் போம்மான்னு சொல்லல.

நான் கெமிஸ்ட்ரி பக்கம் போனேன், அங்க நம்ம சங்கதி. தோல் கம்பெனி கழிவுத் தண்ணில இருந்து குரோம் திருப்பி எடுக்கறத செஞ்சு காமிச்சாங்க. ட்ரம்ல போடற குரோம் முழுசையும் தோலு எடுத்துக்காது, மூணுல ஒரு பங்கு கிட்ட தண்ணியோட போயிடும். ஒரு பொண்ணு அந்த நீலப்பச்சைத் தண்ணில மெக்னீசியம் ஆக்சைடு வெள்ளைப் பவுடர ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஓரமா வெச்சா. நாங்க பேசிட்டிருக்கும்போதே பச்சைக் கசடு அடியில எறங்க ஆரம்பிச்சு மேல தெளிஞ்சுட்டே வந்துச்சு. அந்தக் கசட சல்ஃபூரிக் ஆசிட்ல கரைச்சா மறுபடியும் ட்ரம்முக்குப் போடலாம். "மேல இருக்கற தண்ணி சுத்தமாயிடுச்சு அங்கிள்"னு சொன்னா.

நான் கேட்டேன், "அதுல இருக்கற உப்பு எங்கம்மா போச்சு?" பிக்கிள்ல, அதாவது குரோம் ஏத்தறதுக்கு முன்னாடி ஆசிடும் உப்பும் சேத்து ஊற வெக்கறப்போ போட்ட உப்பு அந்தத் தெளிஞ்ச தண்ணிலதானே நிக்குது, கண்ணுக்குத் தெரியாது, ஆனா நம்ம பாலாத்துப் பக்கம் கெணறுங்க கெட்டதுல அதுக்குப் பெரிய பங்கு. அந்தப் பொண்ணு சமாளிக்கல, "எனக்குத் தெரியல அங்கிள், மேடத்த கூப்பிடறேன்"னு ஓடிப் போயி கூட்டிட்டு வந்தா. மேடம் ஆர்.ஓ, அதுல மிச்சம் வர்ற உப்புத் தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியாக்கறது, அப்புறம் தேங்கற உப்ப என்ன பண்றதுன்னு தெரியாம குவிஞ்சு கெடக்கறது வரைக்கும் ஒளிக்காம சொன்னாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெருசு. அவங்க என்னக் கேக்க ஆரம்பிச்சாங்க. "சார், குரோம் உள்ள வரைக்கும் ஏறிடுச்சான்னு ட்ரம்கிட்ட நின்னு எப்படிப் பாப்பீங்க?" நான் சொன்னேன், தடிச்ச எடமா பாத்து ஒரு துண்டு வெட்டி, வெட்டு வாயில நீலம் நடு வரைக்கும் வந்திருக்கான்னு பாப்போம், அப்புறம் பாயில் டெஸ்ட். ஒரு துண்ட பேப்பர் மேல வெச்சு பென்சில்ல சுத்தி கோடு போட்டுட்டு, கொதிக்கற தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடியும் அதே கோட்டு மேல வெப்போம். கோட்டுக்குள்ள சுருங்கிட்டா இன்னும் பதம் வரல, ட்ரம் ஓடணும். ஆவாரம்பட்டை, கடுக்கா போட்டு பதனிட்ட தோல அதே தண்ணில போட்டா சுருண்டுடும், 100 டிகிரி அது தாங்காது, குரோம் தோலு அப்படியே நிக்கும். அந்த மேடம் நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாங்க. அந்தப் பொண்ணும் எழுதிக்கிட்டா. இருபது வருஷமா இத நான் செய்யறேன், ஒரு காலேஜ்ல நின்னு சொல்வேன்னு நெனச்சதே இல்ல.

அதனாலதான் மச்சான்கிட்ட அவ்ளோ அழுத்திச் சொன்னேன். வேற எதப் பாக்கறியோ இல்லையோ, கேள்வி கேக்க முடியுமா, கேட்டா எதிர்ல இருக்கறவங்களுக்கு நேரம் இருக்கான்னு மட்டும் பாரு. லெக்சர்ல விஷயம் அதிகம், கண்காட்சில பாதி மாடல் போன வருஷம் பாத்ததுதான், சில பசங்க மனப்பாடமா ஒப்பிப்பாங்க, எல்லாம் சரிதான். ஆனா லெக்சர இப்பல்லாம் பல எடத்துல வீடியோவா போட்டுடறாங்க, வீட்லயே கேட்டுக்கலாம். வளையல வாங்கி டார்ச்சுக்குக் குறுக்க நகத்திக் காமிக்கிற தம்பி வீடியோல வரமாட்டான்.

போறதா இருந்தா தொடக்க விழா அன்னிக்குப் போகாதீங்க, விருந்தாளிங்க பின்னாடியே எல்லாரும் ஓடிட்டிருப்பாங்க. காலைல ஸ்கூல் பஸ்ஸுங்க வந்து நிக்கும், ஒரு பெஞ்சுக்கு நாப்பது பசங்க. ரெண்டாவது நாள் மதியம் மூணு மணிக்கு மேல போங்க, பசங்க சும்மா உக்காந்து யாராவது வரமாட்டாங்களான்னு பாத்துட்டிருப்பாங்க, அப்பதான் மனசு விட்டுப் பேசுவாங்க. உங்க வேலை சம்பந்தமான பெஞ்சு எங்கன்னு தேடுங்க, விவசாயம்னா பாட்டனி, பீடி சுத்தறவங்க வீட்டுப் பிள்ளைங்கன்னா சோஷியல் வொர்க். ஓவியக் கண்காட்சி பத்தி நான் பேச மாட்டேன், ஒன்னுதான் போயிருக்கேன், அங்க யாரையும் என்ன கேக்கறதுன்னே எனக்குத் தெரியல, பழகினவங்க சொன்னா நல்லது.

லெக்சருக்குப் போகறத நாங்க நிறுத்தல. பொண்ணு இப்பல்லாம் கேள்விய துண்டுச் சீட்டுல எழுதி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மேடை பக்கத்துல நிக்கற வாலண்டியர் கிட்ட குடுத்துடறா, ரெண்டு தடவ குடுத்ததுல ஒரு தடவ படிச்சாங்க. டிசம்பர்ல அம்மாவுக்காக கச்சேரி உண்டு.

அந்த மேடம் அடுத்த கண்காட்சில பாயில் டெஸ்ட்ட நேரா செஞ்சு காமிக்கணும்னு சொல்லியிருக்காங்க, குரோம் தோலு ஒரு துண்டு, பட்டைத் தோலு ஒரு துண்டு கேட்டாங்க. குரோம் துண்டுக்கு மேனேஜர் சரின்னுட்டாரு. பட்டைத் தோலுக்குத்தான் வாணியம்பாடில ஒரு சிநேகிதர கேட்டிருக்கேன், அனுப்பி வெக்கறேன்னு சொல்லியிருக்காரு. பென்சில் கோடு போடறத நான்தான் வந்து காமிக்கணுமாம்.