கேத் லேபா, எக்கோ அறையா: வேலூரில் முதல் வேலை எங்கே?

கார்டியாக் டெக்னாலஜி படித்து முடிக்கும் பிள்ளைகள் வேலூரில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே உதவியோடு இதயத்தைப் பார்க்கும் கேத் லேபில் சேர்வதா, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறைக்குப் போவதா? பெற்றோர் எக்கோ பக்கம் நிற்பார்கள். கதிர்வீச்சு இல்லை, நடுராத்திரியில் போன் வராது, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கு அதுவே நல்லது என்பது அவர்கள் எண்ணம். இரண்டிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் மாற்றிச் சொல்கிறேன். முதல் வேலை கேத் லேபில் இருக்கட்டும்.

இரண்டு அறைகளுமே இதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தேடுகின்றன, வழிதான் வேறு. எக்கோவில் ஒலி அலை ரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறது. அந்த வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது என்று சொல்வதற்கான எல்லையும் அந்த 4 மீட்டர்தான். மார்பில் வைக்கும் கருவியான புரோபைப் பிடிக்கும் கோணம் விலகி, அதே நோயாளிக்கு 3 மீட்டர் என்று பதிவானால் கணக்கு 36-க்கு இறங்கிவிடும். அறையில் பெரும்பாலும் நீங்களும் நோயாளியும்தான். மருத்துவர் பிறகு பார்ப்பது நீங்கள் பதிவு செய்த படங்களை. எடுக்காமல் விட்ட படத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நோயாளி அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி வங்காளத்துக்குப் போய்விடுவார். (வேலூர் எக்கோ அறையில் 'இடப்பக்கம் திரும்புங்கள், மூச்சை அடக்குங்கள்' என்பதை இந்தி மொழியிலும் வங்க மொழியிலும் சொல்லப் பழகிவிடுவீர்கள், அதுவும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.)

கேத் லேபில் மணிக்கட்டு அல்லது தொடை வழியாகச் செல்லும் குழாய், அழுத்தத்தை நேராகத் திரைக்குக் கொண்டுவருகிறது. அங்கும் தவறு நேரும். அழுத்தத்தை உணரும் கருவியான டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் அழுத்தம் சுமார் 7 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆனால் மருத்துவர், செவிலியர், மூத்த டெக்னீஷியன் எனப் பல கண்கள் அதே திரையில் இருக்கின்றன. தவறு அங்கேயே பிடிபட்டு அங்கேயே திருத்தப்படும். கற்றுக்கொள்ளும் வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் அங்கே படியும். குழாயின் நுனி இதய ரத்தக்குழாயின் வாயை அடைத்துக்கொண்டால் அழுத்தக் கோடு சட்டென்று தணிந்துவிடும். அதைக் கவனிக்காமல் சாயத்தைச் செலுத்தினால் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவரின் கண் ஆஞ்சியோ படத்தில் இருக்கும் அந்தக் கணத்தில், "பிரஷர் டேம்ப், சார்!" என்று குரல் கொடுக்க வேண்டியவர் மானிட்டர் முன் இருக்கும் டெக்னீஷியன். இருபத்திரண்டு வயதில், அனுபவம் மிக்க ஒரு மருத்துவரைத் தயங்காமல் நிறுத்தப் பழகியவர், பிறகு எக்கோ அறையில் தனியாக இருக்கும்போதும் சந்தேகமான எண்ணை அப்படியே எழுதிவிட மாட்டார்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும் ஈயக் கவசத்தோடு மணிக்கணக்கில் நின்றால் இடுப்பு வலிக்கும். (எக்கோவிலும் உடம்பு தப்பாது, அங்கே தோளும் மணிக்கட்டும் போகும்.) கதிர்வீச்சுக்கு நம் நாட்டில் வரம்பு உண்டு: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரே ஓடும்போது இரண்டு மடங்கு தள்ளி நின்றால் உடம்பில் படுவது ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். ஒழுங்காக நடக்கும் லேபில் அந்த வரம்புக்கு மிகக் கீழேயே இருக்க முடியும். ஆனால் நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஊழியர்கள் மீது படும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய அவர்கள் அணிய வேண்டிய பேட்ஜ்கள் மேசை இழுப்பறையில் கிடந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் சரியாக இருப்பதாக அறிக்கை வரும். அது இளம் ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இரவு அழைப்பு வீட்டைப் பொறுத்தது. மாரடைப்போடு வருபவருக்கு, மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடங்களுக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இலக்கு. சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ தங்கியிருப்பவர் ஓடி வந்துவிடலாம். குடியாத்தத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ தினமும் வந்துபோகிறவருக்கு அது நடக்காது. வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ விட்டு வர முடியாதவர்கள் எக்கோவைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. கேத் லேப் பெரிய மருத்துவமனைகளில் மட்டும்தான் இருக்கும். எக்கோ இயந்திரம் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களிலும் உண்டு. சொந்த ஊரிலேயே நிலைக்க விரும்புகிறவர்களுக்கும் கடைசியில் அதுதான் கைகொடுக்கும்.

ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் கேத் லேப், அதன் பிறகு எக்கோ என்பதே நான் சொல்லும் வரிசை. நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். என் பெயரில் பேட்ஜ் தருவீர்களா? ஈயக் கவசங்களில் விரிசல் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? இரவு அழைப்பை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்? இரவு முழுக்க வேலை செய்தவருக்கு மறுநாள் காலை விடுப்பு உண்டா? பதில் சொல்லத் தடுமாறும் இடமென்றால், லேப் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.