வெடிக்காத மூளை அனியூரிசம்: கிளிப்பா, காயிலா, இல்லை அப்படியே விடுவதா?

தலைசுற்றலுக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனவரிடம் "மூளை ரத்தக்குழாயில் 5 மி.மீ.யில் ஒரு அனியூரிசம் தெரிகிறது" என்று சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போலப் புடைத்து நிற்கிறது, அது வெடித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார், பிழைப்பவர்களிலும் பலர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. ஆனால் பெரியவர்களில் நூறு பேருக்குச் சுமார் மூன்று பேருக்கு இந்தப் புடைப்பு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலானோருக்கு அது வெடிப்பதே இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

பலரும் எடுத்த எடுப்பிலேயே "மண்டையைத் திறக்காமல் தொடை வழியாகச் செய்வது நல்லதா, ஆபரேஷன் நல்லதா?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தொடாமல் விட்டால் என்ன ஆகும்?

2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சர்வதேச ஆய்வு (ஐசூயா என்று சுருக்கமாகச் சொல்வார்கள்) வெடிக்காத அனியூரிசம் இருந்த 4,060 பேரைப் பின்தொடர்ந்தது. முன்பு வேறொரு அனியூரிசம் வெடித்து ரத்தக்கசிவு வராதவர்களில், மூளையின் முன்பக்கச் சுற்றோட்டத்தில் (மூளையின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில்) 7 மி.மீ.க்குக் குறைவான புடைப்பு இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டில் வெடித்தது 0 சதவீதம். 7 முதல் 12 மி.மீ. வரை 2.6, 13 முதல் 24 வரை 14.5, அதற்கும் மேல் போனால் 40. பின்பக்கச் சுற்றோட்டத்திலோ, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் பின் இணைப்புத் தமனியிலோ இருந்தால் கதை வேறு, அங்கே சின்னதே 2.5 சதவீதம், 7 முதல் 12 மி.மீ. என்றால் 14.5. ஆக அளவு மட்டும் போதாது, இடமும் வேண்டும்.

அந்த 0 சதவீதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. பார்க்கவே ஆபத்தாகத் தெரிந்தவர்களை டாக்டர்கள் ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்களைத்தான் கவனித்தார்கள். 2012-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. 5,720 பேர், 6,697 அனியூரிசம், மொத்தத்தில் ஆண்டுக்கு 0.95 சதவீதம் வெடித்தது. 3-4 மி.மீ. என்றால் ஆண்டுக்கு 0.36, 5-6 மி.மீ. என்றால் 0.50, 7-9 மி.மீ. ஆனதும் சட்டென்று 1.69, 10 முதல் 24 மி.மீ. வரை 4.37. புடைப்பின் மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு முளைத்திருந்தால் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். ஜப்பானியர்களுக்கும் பின்லாந்துக்காரர்களுக்கும் இது கூடுதலாக வெடிக்கிறது என்பதால் மற்றவர்களுக்கு இந்த எண்கள் கொஞ்சம் குறையலாம்.

சரி, இப்போது சிகிச்சைக்கு வருவோம்.

கிளிப் பழைய வழி. 1937-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் மூளை அறுவை டாக்டர் வால்டர் டேண்டி ஒரு வெள்ளிக் கிளிப்பைப் புடைப்பின் கழுத்தில் மாட்டினார், இன்று மைக்ரோஸ்கோப்பும் டைட்டானியக் கிளிப்பும் வந்திருந்தாலும் அடிப்படை அதேதான்: மண்டை ஓட்டில் சின்ன ஜன்னல் திறந்து, மூளையை மெல்ல விலக்கி, புடைப்பின் கழுத்தை நெரித்து ரத்தம் உள்ளே போகாமல் செய்வது. ஒழுங்காக விழுந்த கிளிப் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். இதன் பெரிய பலம் அதுதான், அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை என்னவென்றால் பல வார ஓய்வு, தாடை வலி, சிலருக்கு வலிப்பு, பக்கத்துச் சின்ன ரத்தக்குழாய் அடைபட்டால் பக்கவாதம்.

காயில் வழியில் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு மூளை வரை கொண்டுபோய், பிளாட்டினச் சுருளை உள்ளே அடைத்து நிரப்புகிறார்கள். கீடோ குக்லியெல்மி கண்டுபிடித்த கழற்றிவிடக்கூடிய சுருள் 1990-ல் முதல் நோயாளிக்குப் போடப்பட்டது. ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், தலையில் தழும்பு இல்லை. ஆனால் சுருள் நாளடைவில் அமுங்கும், ஐந்தில் ஒருவருக்கு மறுபடி உள்ளே ரத்தம் எட்டிப்பார்க்கிறது, பத்தில் ஒருவருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படுகிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஃப்ளோ டைவர்ட்டர். புடைப்புக்குள் எதையும் அடைக்காமல் ரத்தக்குழாயின் உள்ளே நெருக்கமான வலைக்குழாயை விரித்து வைக்கிறார்கள், ரத்தம் நேராக ஓடிவிட, புடைப்பு தானாக உறைந்து மூடிக்கொள்கிறது. பைப்லைன் என்ற சாதனத்துக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. கழுத்துத் தமனியின் மேல்பகுதியில் இருந்த பெரிய அனியூரிசங்களில் நடந்த சோதனையில் ஆறு மாதத்தில் சுமார் 74 சதவீதம் முழுதாக மூடின, ஐந்து ஆண்டில் தொடர்ந்து பார்த்தவற்றில் 95 சதவீதம். பெரும் பக்கவாதமோ மரணமோ 5.6 சதவீதம் பேருக்கு. முக்கியமான நிபந்தனை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் மாதக்கணக்கில் தவறாமல் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண் ரத்தக்கசிவு வந்தவருக்கோ மாத்திரையை மறக்கிறவருக்கோ இது ஒத்துவராது, இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்களை நேருக்கு நேர் வைத்தால்? ஐசூயாவில் ஓராண்டு முடிவில் மரணமும் பாதிப்பும் சேர்த்து, முன்பு கசிவு வராதவர்களில் கிளிப்புக்கு 12.6 சதவீதம், காயிலுக்கு 9.8. பயமுறுத்தும் எண்தான், ஆனால் அவர்கள் கை கால் பாதிப்போடு ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்ததையும் சேர்த்தே எண்ணினார்கள். எனக்கு அது நேர்மையான கணக்காகப் படுகிறது, ஏனென்றால் ஆபரேஷன் முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தவர் வங்கிப் படிவம் நிரப்பத் திணறினால் அதை வெற்றி என்று எப்படிச் சொல்வது? 2019-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைத் தொகுத்துப் பார்த்ததில் சிக்கல் வந்தது கிளிப்பில் 8.3 சதவீதம், குழாய்வழிச் சிகிச்சையில் 5.0. மரணம் இரண்டிலும் மிகக் குறைவு, 0.1 மற்றும் 0.3.

இங்கே ஒரு எச்சரிக்கை. "காயில்தான் மேல் என்று 2002-லேயே நிரூபித்துவிட்டார்களே" என்று ஐசாட் ஆய்வைக் காட்டுவார்கள். அது வெடித்த அனியூரிசங்களைப் பற்றிய ஆய்வு. ரத்தம் கசிந்து வீங்கிய மூளையும், காலையில் நடைப்பயிற்சி முடித்து அட்மிட் ஆகிறவரின் மூளையும் ஒன்றல்ல. வெடிக்காதவற்றுக்கென்று சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் நோயாளிகளைப் பிரித்து நடந்த சோதனை க்யூர்ஸ், 2010 முதல் 2020 வரை 291 பேர். ஓராண்டில் சிகிச்சை தோற்றது, அதாவது புடைப்பு மூடவில்லை, திரும்ப வந்தது அல்லது வெடித்தது, கிளிப்பில் 9 சதவீதம், காயில் வழியில் 19. ஆனால் புதிய நரம்புப் பாதிப்பு கிளிப்பில் 22, மற்றதில் 12. ஐந்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் கிளிப்பில் 48 சதவீதம், மற்றதில் 8. மரணமோ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ இரண்டிலும் 2 சதவீதம்தான். முதல் மாதத்தில் குழாய்வழி ஜெயிக்கிறது, பல ஆண்டு உறுதியில் கிளிப் ஜெயிக்கிறது.

இடம் பல நேரம் முடிவை எடுத்துவிடும். நடு மூளைத் தமனியில் கிளைபிரியும் இடத்தில் உள்ளது கிளிப்புக்குக் கைக்கெட்டும் தூரம். மூளைத்தண்டுக்கு முன்னால் பேசிலர் தமனியின் உச்சியில் இருந்தால் மண்டையைத் திறந்து போவது மிகக் கடினம், குழாய்வழிதான்.

எந்த வழியும் முழுப் பாதுகாப்பு தராது. 1988 பிப்ரவரியில் ஜோ பைடனுக்கு ஒரு அனியூரிசம் கசிந்து ஆபரேஷன் நடந்தது, கசியாத இன்னொன்றை மே மாதம் தனியாக ஆபரேஷன் செய்து சரிசெய்தார்கள். நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011-ல் வெடித்ததைக் காயிலால் அடைத்தார்கள், கவனிப்பில் வைத்திருந்த இரண்டாவது இரட்டிப்பாக வளர்ந்ததும் 2013-ல் குழாய்வழியில் முயன்றபோது ரத்தம் பெருகி, மண்டையைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். இருவருக்கும் முன்பே ஒன்று வெடித்திருந்தது என்பதையும் கவனியுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவதை விட்டுவைப்பதில் ஆபத்து அதிகம்.

என் பார்வையில் வயதுதான் தராசு முள். சிகிச்சையின் ஆபத்து முழுவதும் ஒரே நாளில் வருகிறது, விட்டுவைப்பதன் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. 5 மி.மீ. புடைப்புக்கு ஜப்பானியக் கணக்கான 0.50-ஐ மாறாமல் வைத்துத் தோராயமாகப் பெருக்கினால், 72 வயதுக்காரருக்கு அடுத்த 12 ஆண்டில் 6 சதவீதம். சிகிச்சையின் 5 முதல் 8 சதவீத ஆபத்தை இன்றே வாங்கிக்கொண்டு அவருக்கு என்ன லாபம்? அதுவும் வயது ஏற ஏறக் கிளிப்பின் முடிவுகள் மோசமாகின்றன. அவருக்கு ஸ்கேனும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும்தான் சிகிச்சை. 38 வயதுப் பெண்ணுக்கு அதே கணக்கை 40 ஆண்டுக்குப் போட்டால் 20 சதவீதத்தை நெருங்கும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ வெடித்த வரலாறும் இருந்தால் அவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, இடம் தோதாக இருந்தால் கிளிப்பைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

கிளிப் போடும் டாக்டரையும் குழாய்வழி செய்யும் டாக்டரையும் இருவரையுமே பாருங்கள், முடிந்தால் இரண்டும் நிறைய நடக்கும் ஆஸ்பத்திரியில். ஆண்டுக்கு எத்தனை வெடிக்காத கேஸ் செய்கிறீர்கள், என் அளவிலும் என் இடத்திலும் உங்கள் கையில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. எந்த வழியை எடுத்தாலும், எதையும் எடுக்காவிட்டாலும், சிகரெட்டை இன்றைக்கே நிறுத்துங்கள்.