நர்சிங் முடிச்ச புள்ளைங்க, பெத்தவங்க கொஞ்சம் படிங்க: "100 பெர்சன்ட் வேலை"னு சொன்ன காலேஜ், "மண்டரின் வேணும்"னு சொன்ன ஆஸ்பத்திரி

இது என் தங்கச்சிக்கு நடந்தது. வேலை தேடிக்கிட்டு இருக்கற நேரத்துல பேரு அடிபட வேணாம்னு அவ பயப்படறா, அதனால அக்கா நான் எழுதறேன். காலேஜ் பேரு, ஆஸ்பத்திரி பேரு ரெண்டும் போட மாட்டேன். நாங்க மலேசியா, காலேஜ் பட்டர்வொர்த் பக்கம், ஆஸ்பத்திரி பினாங்கு தீவுல, தனியார், அவ்வளவு போதும்.

எஸ்.பி.எம் (ஸ்கூல் கடைசிப் பரீட்சை) ரிசல்ட் வந்த கையோட ஒரு ஷாப்பிங் மால்ல எஜுகேஷன் ஃபேர் போட்டிருந்தாங்க, அங்க தான் இந்த காலேஜ் ஆளுங்க அப்பா அம்மாவ உக்கார வச்சு பேசுனாங்க. மூணு வருஷம் டிப்ளோமா, முடிச்ச உடனே எங்க பேனல் ஆஸ்பத்திரில வேலை, 100 பெர்சன்ட் பிளேஸ்மென்ட். வாய் வார்த்தையா இல்ல, ப்ரோஷர்லயே கொட்ட எழுத்துல அச்சடிச்சிருந்தாங்க. அப்பா லாரி ஓட்டறவரு, அந்த வரிய மூணு தடவ படிச்சுப் பாத்துட்டு தான் தலையாட்டுனாரு. பீஸு எல்லாம் சேத்து 60 ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, பி.டி.பி.டி.என்னு சொல்ற அரசாங்க படிப்புக் கடன் போக மிச்சத்துக்கு அப்பா இ.பி.எஃப் சேமநிதி காச எடுத்தாரு.

தங்கச்சி நல்லா படிச்சா, சும்மா சொல்லல, ஜூரூராவாட் போர்ட் (நர்சுங்கள பதிவு பண்ற வாரியம்) எக்ஸாம் முதல் தடவயே பாஸ், பேரு பதிஞ்சாச்சு. படிக்கறப்பவே அதே ஆஸ்பத்திரில தான் போஸ்டிங், அதான் வார்டு பயிற்சி, செஞ்சா, அங்க ஒரு வார்டு சிஸ்டர், சீன அம்மா, "நீ முடிச்சதும் இங்கயே வா"னு சொல்லி ரெஃபரன்ஸ் லெட்டரும் குடுத்தாங்க. இத நான் எழுதறது எதுக்குன்னா, யாரும் இத சீனவங்க மேல வெறுப்புனு எடுத்துக்கக் கூடாது.

இன்டர்வியூவுக்கு காலேஜே வேன் வச்சு ஒரு பேட்சா கூட்டிட்டுப் போனாங்க. ஃபார்ம் குடுத்தாங்க, போட்டோ ஒட்டணும், ஐ.சி (அடையாள அட்டை) நம்பர், அதுக்குக் கீழ 'பங்சா', அதாவது இனம்னு ஒரு கட்டம். மருந்து வேலைக்கு ரத்தம் குத்தற வேலைக்கு இனம் எதுக்குனு அங்கயே கேக்கணும் போல இருக்கும், ஆனா நம்ம நாட்டுல எல்லா ஃபார்ம்லயும் இருக்கறது தான், பழகிப் போச்சு. ராத்திரி முழுக்க டிரிப் ரேட் கணக்கு, மருந்து டோஸ், சி.பி.ஆர் ஸ்டெப்பு எல்லாம் உருட்டிட்டுப் போனவகிட்ட அதுல ஒண்ணு கூட கேக்கல. எச்.ஆர் அம்மா ஃபார்ம பாத்தாங்க, "கேன் யூ ஸ்பீக் மண்டரின்?" இவ மலாய், இங்கிலீஷ், தமிழ் தெரியும், ஹோக்கியன் (மண்டரின் மாதிரி இன்னொரு சீன மொழி) ஓரளவு புரியும்னு சொல்லியிருக்கா. "எங்க பேஷன்ட் நெறைய பேர் சீனவங்க, மண்டரின் இல்லாட்டி கஷ்டம் லா", பென்சில்ல ஃபார்ம் மூலையில ஏதோ சின்னதா எழுதுனாங்க, முடிஞ்சுது, நாற்காலி கூட சூடாகல.

சரி, மொழி வேணும்னா வேணும் தான், வயசான ஆச்சிக்கு வலி எங்கனு கேக்க அவங்க மொழி தெரிஞ்சா நல்லது, அத நான் மறுக்கல. ஆனா பினாங்குல வயசான சீனவங்க நெறைய பேர் பேசறது ஹோக்கியன். அதோட இங்க வர்ற வெளிநாட்டு பேஷன்ட்ல பெரும்பாலானவங்க மேடான் பக்கத்துல இருந்து வர்ற இந்தோனேசியாக்காரங்க, அவங்ககிட்ட பேச நம்ம மலாயே தாராளம். போஸ்டிங் செஞ்சப்போ அந்த வார்டுல இவ மொழிபெயர்ப்பாளரா ஓடுனது எல்லாம் அவங்களுக்காகத் தான், அப்ப மட்டும் மண்டரின் தேவைப்படல.

இவளுக்கு அடுத்து உள்ள போனது இவ கூட்டாளி, நம்ம தமிழ்ப் புள்ள தான், ஆனா சீனப்பள்ளில ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்சவ. அவகிட்டயும் அதே கேள்வி, அவ மண்டரின்லயே பதில் சொல்லிட்டா. எச்.ஆர் அம்மா ஒரு நிமிஷம் பேச்சு வராம இருந்தாங்களாம், அப்பறம் கேள்வி மாறிடுச்சு, வீடு எங்க, நைட் ஷிஃப்டுக்கு எப்படி வருவ, பாலம் ஜாம் ஆகுமே, கல்யாணம் எப்போ. கடைசில "கே.ஐ.வி (கீப் இன் வியூ, ஃபைல்ல வச்சிருக்கோம்), நாங்க கூப்பிடறோம்". கூப்பிடல.

அதே பேட்ச்ல ஒரு சீனப் பொண்ணு, வீட்டுல இங்கிலீஷ் தான், மண்டரின் சுத்தமா தெரியாது, அவ பாட்டிகிட்ட ஹோக்கியன் பேசவே திணறுவா. அவளுக்கு ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. "என்கிட்ட மண்டரின் கேக்கவே இல்லயே"னு அவளே தான் வாட்சப்ல சொன்னா, பாவம் அவளுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. மார்க்கு பாத்தா நம்ம புள்ளைங்க ரெண்டு பேருமே அவளுக்கு மேல. மலாய்ப் புள்ளைங்க சில பேருக்கும் கெடைக்கல, அவங்ககிட்ட என்ன காரணம் சொன்னாங்கனு எனக்குத் தெரியாது, அதனால அத விட்டுடறேன்.

காலேஜ்ல கேட்டா "வேகன்சி ஃபுல் ஆயிடுச்சு"னு சொல்றாங்க. ஜாப்ஸ்ட்ரீட்ல அதே விளம்பரம் அப்படியே கெடக்கு. நானே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ஃப்ரெஷ் கிராஜுவேட் ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கறீங்களானு கேட்டேன், "எடுக்கறோம், ரெசுமே அனுப்புங்க"னு நல்லா தான் பேசுனாங்க. பேரு கேட்டாங்க, தங்கச்சி பேர முழுசா சொன்னேன், ஏ.பி (இன்னாரோட மக) அப்பா பேரோட. "ஓ… நாங்க திருப்பிக் கூப்பிடறோம்." நான் பிறையில ஒரு ஃபேக்டரில எச்.ஆர்ல இருக்கேன், இந்த "ஓ" எப்படிப்பட்ட "ஓ"னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. கே.ஐ.வினு போடற ஃபைல திரும்பத் தொறந்து பாத்த ஆள இன்னும் நான் பாக்கல.

இனப் பாகுபாடுனு என்னால நிரூபிக்க முடியுமா, முடியாது. சந்தேகம் தான், ஆனா வெறுங்கையோட வந்த சந்தேகம் இல்ல. 2016-ல வெளியான ஒரு ஆராய்ச்சி இருக்கு, இஞ்ஜினியரிங், அக்கவுண்டிங் வேலைக்கு ஒரே மாதிரி தகுதியுள்ள பொய் ரெசுமேங்கள தனியார் கம்பெனிங்களுக்கு அனுப்பிப் பாத்தாங்க, சீனப் பேருக்கு 22.1 சதவீதம் அழைப்பு, மலாய்ப் பேருக்கு 4.1 சதவீதம். அதுல இந்தியப் பேரு சேக்கல, நர்ஸும் இல்ல, ஆனா பேர வச்சே ரெசுமே ஓரம் போகும்னு காட்டுதா இல்லயா.

லேபர் ஆபீஸ் போலாம்னு நெனைக்கறவங்க இத தெரிஞ்சுக்கங்க, நானும் போயி பாத்துட்டு தான் சொல்றேன். 2023 ஜனவரி 1-லருந்து எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்ல 69எஃப்னு ஒரு பிரிவு வந்திருக்கு, வேலையில பாகுபாடு பத்தின தகராற லேபர் டைரக்டர் ஜெனரல் விசாரிக்கலாம், அவரு உத்தரவ மீறுனா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவுல இருக்கற தகராறுக்கு. வேலையே குடுக்காதவன எப்படி முதலாளினு சொல்றது? சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்னு சொல்ற அரசியலமைப்பு 8-வது பிரிவு இருக்கேனு சிலர் கேப்பீங்க, அது அரசாங்கத்தக் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளிய கட்டுப்படுத்தாது, கர்ப்பமானதால வேலை போன ஒரு விமானப் பணிப்பெண் கேஸ்ல 2005-லயே ஃபெடரல் கோர்ட் அப்படித் தான் சொல்லிடுச்சு. ஆக வாசல்லயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு கதவ தட்ட எடமே இல்ல.

அதனால நாங்க ஆஸ்பத்திரிய விட்டுட்டு காலேஜ புடிச்சிருக்கோம். 100 பெர்சன்ட்னு அச்சடிச்சு காசு வாங்குனது அவங்க தானே. பயனீட்டாளர் தீர்ப்பாயம், அதான் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பதிவு பண்ண 5 வெள்ளி, வக்கீல் வேணாம், ஆனா பிரச்சன வந்த நாள்லருந்து மூணு வருஷத்துக்குள்ள போகணும். இப்ப காலேஜ் சேர்க்கப் போறவங்க பிளேஸ்மென்ட் வாக்குறுதிய லெட்டர்ஹெட்ல கையெழுத்தோட எழுதி வாங்குங்க, எந்த ஆஸ்பத்திரி, போன பேட்ச்ல எத்தன பேர எடுத்தாங்க, அதுல நம்ம புள்ளைங்க எத்தன பேர்னு முகத்துக்கு நேரா கேளுங்க, கூச்சப்படாதீங்க. இன்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்ததும் என்ன கேட்டாங்க, என்ன காரணம் சொன்னாங்கனு அன்னிக்கே தேதி போட்டு எழுதி வைங்க, வேலை விளம்பரத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

தங்கச்சி இப்ப புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு டயாலிசிஸ் சென்டர்ல 1,900 வெள்ளிக்குப் போறா, எஸ்.பி.ஏவுலயும் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா. அந்த காலேஜோட அந்த வருஷத்து ப்ரோஷர் எங்ககிட்ட ஒண்ணு தான் இருக்கு, அதுவும் அப்பா மடிச்சு மடிச்சு எழுத்து அழிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பட்டர்வொர்த் ஃபேர்ல வாங்குனவங்க யாராச்சும் நல்ல காப்பி வச்சிருந்தா பி.எம் பண்ணுங்க, அடுத்த மாசம் ஹியரிங் இருக்கு.